குரோமியம் எங்கே போனது?

ஓசூர் சிப்காட்டில் ஒரு பிளேட்டிங் பட்டறைக்கு யார் வந்தாலும் முன்பக்கத்தைத்தான் சுற்றிக் காட்டுவார்கள். ஹேண்டில்பார், கைப்பிடி, போல்ட், நட் எல்லாம் ரேக்கில் தொங்கிக்கொண்டு தொட்டி தொட்டியாக முங்கி எழுந்து, கடைசியில் முகம் பார்க்கலாம் என்கிற மினுமினுப்போடு வெளியே வரும். நான் வேலை பார்த்தது பின்பக்கத்தில். அந்தத் தொட்டிகளைக் கழுவிய தண்ணீர் எல்லாம் வந்து சேரும் இடம் அது. ஈ.டி.பி. என்று சொல்வோம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். வேதியியல் பட்டம் வாங்கிக்கொண்டு வேலை தேடி ஓசூருக்கு வந்த என்னை இந்தப் பின்பக்கம்தான் கடைசிவரை வைத்துக்கொண்டது. என் தொழிலை ஒரே கேள்வியில் சொல்லிவிடலாம். உள்ளே வந்தது எங்கே போனது?

வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வது என்றால் பலருக்கும் பள்ளிக்கூடக் கரும்பலகைதான் நினைவுக்கு வரும். இடப்பக்கம் எத்தனை அணு, வலப்பக்கம் எத்தனை அணு என்று எண்ணி, முன்னால் ஓர் இரண்டையோ மூன்றையோ போட்டுச் சரிக்கட்டினால் மதிப்பெண் கிடைத்துவிடும். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடலாம். ஈ.டி.பி.யில் நிற்பவர்களுக்கு அப்படி மறக்க வழியில்லை. அந்த எண்கள்தான் இன்று எத்தனை மூட்டை பிரிக்க வேண்டும், நாளை எவ்வளவு சேறு அள்ள வேண்டும், மாதக் கடைசியில் முதலாளி எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதைச் சொல்கின்றன.

ஓசூரின் கதையே உதிரிபாகங்களின் கதை. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் கர்நாடக எல்லையை ஒட்டிய இந்த மேட்டு நிலத்தில் தொழிற்பேட்டையை அமைத்தது. டி.வி.எஸ். 50 மொபெட் 1980இல் இங்கிருந்துதான் ஊர் ஊராகப் புறப்பட்டது. அசோக் லேலண்ட் லாரிகளும் டைட்டன் கைக்கடிகாரங்களும் பின்னாலேயே வந்தன. பெரிய ஆலை ஒன்று வந்தால் அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கச் சிறு பட்டறைகள் வரிசையாக முளைக்கும். உதிரிபாகம் துருப்பிடிக்கக் கூடாது, பார்வைக்கும் லட்சணமாக இருக்க வேண்டும். அதற்குத் துத்தநாகம், நிக்கல், குரோமியம் பூச வேண்டும். பூசுகிற இடம் எல்லாம் கழுவுகிற இடமும்தான்.

குரோமியப் பூச்சுத் தொட்டியை, நாங்கள் சொல்லும் 'பாத்'தை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம், அதில் நூறில் ஒரு பங்கு கந்தக அமிலம். கருஞ்சிவப்பாக, 45 டிகிரிச் சூட்டில் இருக்கும். அழகுக்காகப் பூசும் குரோமியத்தின் கனம் 0.3 மைக்ரான் அளவில்தான். ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு முழுக்கப் பூசினாலும் பொருளின் மேல் ஏறுவது இரண்டே கால் கிலோவுக்கும் குறைவு. ஆனால் பட்டறை வாங்கும் குரோமிக் அமிலத்தில் இருக்கும் குரோமியம் அதைப்போலப் பல மடங்கு. மிச்சம் எங்கே? ரேக்கைத் தூக்கும்போது பொருளின் இடுக்கிலும் வளைவிலும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுகிறது. 'டிராக் அவுட்' என்பார்கள். அடுத்த தொட்டியில் கழுவியதும் அது என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

இந்தக் குரோமியம் ஆறு இணைதிறன் உள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நீர்நிலைக்குப் போகும் கழிவுநீரில் இது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, எல்லா வகைக் குரோமியமும் சேர்ந்தால் 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் எளிதில் கரையும், உயிரணுவுக்குள்ளும் எளிதில் நுழையும். மூன்று எலக்ட்ரான்களைக் கொடுத்தால் அது மூன்று இணைதிறன் குரோமியமாக மாறும். அதன் நச்சு மிகவும் குறைவு. சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ சேர்த்தால் தண்ணீரை விட்டுப் பிரிந்து அடியில் படியும். எங்கள் வேலை முழுவதும் இந்த மூன்று எலக்ட்ரான்களில் அடங்கியிருக்கிறது.

எலக்ட்ரான் கொடுப்பது சோடியம் மெட்டாபைசல்ஃபைட். பட்டறையில் 'மெட்டா' என்றால் போதும். மூட்டையைப் பிரித்தால் மூக்கைக் குத்தும் வெள்ளைப் பொடி. புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதன் கணக்கைத்தான். நான்கு குரோமியம் அணுக்களை எடுத்துக்கொள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வீதம் பன்னிரண்டு எலக்ட்ரான் வேண்டும். ஒரு சல்ஃபைட் இரண்டு எலக்ட்ரான் தரும். ஆக ஆறு சல்ஃபைட். ஒரு மெட்டா தண்ணீரில் கரைந்தால் இரண்டு சல்ஃபைட். ஆக மூன்று மெட்டா. நாலுக்கு மூன்று, இவ்வளவுதான் சமன்பாடு. இதை எடைக்கு மாற்றினால் 208 கிராம் குரோமியத்துக்கு 570 கிராம் மெட்டா. அதாவது 1 கிலோ குரோமியத்துக்கு 2.74 கிலோ.

"டபுள் போட்டா சீக்கிரம் முடியும்ல அண்ணா?" என்று கேட்காத பையனே கிடையாது. "முடியும் தம்பி. ஆனா போட்டது எங்கயும் போகாது. மிச்சமான சல்ஃபைட் தண்ணியிலயே நிக்கும். ஆத்துல இறங்கினா மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனை அது தின்னும்" என்பேன். கணக்குக்கு மேல் கொஞ்சம் போடத்தான் வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஒரு பங்கைத் தின்றுவிடும். பழைய மூட்டை வீரியம் இழந்திருக்கும். எவ்வளவு கூடுதல் என்பதை அளவுமானி சொல்ல வேண்டும், கைப்பழக்கம் சொல்லக் கூடாது. முதலில் கந்தக அமிலத்தால் பி.எச். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வினை நகராது. ஆரஞ்சு மஞ்சளாக இருந்த தண்ணீர் பச்சைக்குத் திரும்பும். கண்ணை நம்பாமல் ஒரு சொட்டு டைஃபினைல் கார்பசைடு விட்டுப் பார்க்க வேண்டும். ஊதா நிறம் வந்தால் ஆறு இணைதிறன் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இப்போது ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10,000 லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 100 மில்லிகிராம் குரோமியம். மொத்தம் 1 கிலோ குரோமியம். வெளியே விடும் தண்ணீரில் உச்சவரம்பான 2 மில்லிகிராம் இருந்தால்கூட அதில் போவது 20 கிராம். மீதி 980 கிராமும் சேற்றில் இருந்தே ஆக வேண்டும். குரோமியம் தனியாகப் படியாது, ஹைட்ராக்சைடாகத்தான் படியும். எடை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 1 கிலோ உலோகம் உலர்ந்த நிலையில் 2 கிலோ. ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்த பிறகும் அந்தக் கேக்கில் நூற்றுக்கு எழுபது பங்கு ஈரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆறரை கிலோ. மாதத்தில் இருபத்தைந்து நாள் ஓடினால் 160 கிலோவுக்கு மேல் கேக் முற்றத்தில் மூட்டையாக அடுக்கியிருக்க வேண்டும். இருக்கிறதா?

உள்ளே வந்தது எங்கே போனது என்ற கேள்வியை விடாமல் கேட்ட பெரிய ஆள் ஒருவர் வரி வசூலித்தவர். பிரான்சின் லவாய்சியே அரசருக்காக வரி வசூலித்த குத்தகை நிறுவனத்தில் பங்குதாரர். வரவு செலவைக் காசு பிசகாமல் பார்க்கும் பழக்கத்தை ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோனார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் ராபர்ட் பாயில் மூடிய கண்ணாடிக் குடுவையில் வெள்ளீயத்தைச் சூடாக்கினார். எடை போடுமுன் குடுவையைத் திறந்தார். எடை கூடியிருந்தது, நெருப்பே கண்ணாடி வழியாக உள்ளே புகுந்துவிட்டது என்று முடிவு கட்டினார். லவாய்சியே 1774இல் அதே சோதனையைச் செய்து, திறக்காமலே எடை போட்டார். எடை மாறவில்லை. திறந்த பிறகுதான் காற்று உள்ளே போய் எடை கூடியது. 1789இல் வந்த அவருடைய வேதியியல் நூலில் இது ஒரு விதியாக நின்றது. வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே. ஐந்து ஆண்டு கழித்து, 1794 மே 8 அன்று, வரி வசூலித்த குற்றத்துக்காகப் புரட்சி அரசு அவர் தலையை வெட்டியது. அவர் விட்டுச்சென்ற விதியை யாராலும் வெட்ட முடியவில்லை.

அந்தச் சோதனையில் எனக்குப் பாடம் தந்தது மூடி. எல்லை எங்கே என்று முதலில் தீர்மானித்த பிறகே எடை போட வேண்டும். குடுவையின் வாய் திறந்திருந்தால் எதுவும் உள்ளே வரும், எதுவும் வெளியே போகும், நாம் நெருப்புக்கு எடை உண்டு என்று நம்பிக்கொண்டிருப்போம். தொழிற்சாலை என்பது வாய் திறந்த குடுவை. அதற்கு மூடி போட முடியாது. ஆனால் திறந்திருக்கும் வாய் ஒவ்வொன்றையும் எண்ண முடியும். பொருளின் மேல் ஏறியது, தண்ணீரில் போனது, சேற்றில் படிந்தது, காற்றில் பறந்தது, மண்ணில் இறங்கியது. இந்த ஐந்தையும் கூட்டினால் வாங்கிய குரோமியம் வர வேண்டும்.

கூட்டல் வராத ஒரு பட்டறையை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். மாதா மாதம் தண்ணீர் ரிப்போர்ட் எல்லாம் வரம்புக்குள் இருந்தது. லாக் புக் சுத்தமாக இருந்தது. வாங்கிய குரோமிக் அமிலத்தின் பில்களையும், பூசிய பரப்பையும், சேற்று மூட்டைகளின் எடையையும் எடுத்து ஒரே தாளில் எழுதினேன். குரோமியத்தில் பெரும் பங்குக்கு வலப்பக்கத்தில் இடமே இல்லை. முதலாளி நல்ல மனிதர், அவருக்குப் புரியவில்லை.

"ரிப்போர்ட் எல்லாம் பாஸ்தானே சார், அப்புறம் என்ன?"

"பாஸ் ஆனது வெளிய போற தண்ணி சார். நீங்க வாங்கின குரோமியத்துக்கு இன்னும் கணக்கு வரலை."

தொட்டிகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து பார்த்தோம். பாத்துக்கு அடியில் அமிலம் தாங்கும் தளக்கற்களின் இணைப்பு அரித்துப்போய்ப் பிளந்திருந்தது. சொட்டியது, சிந்தியது எல்லாம் ஈ.டி.பி.க்கு வராமல் நேராக மண்ணுக்குள் போயிருக்கிறது. பக்கத்து போர்வெல் தண்ணீரைப் பரிசோதித்தபோது கார்பசைடு ஊதாவாக மாறியது. அந்த நிறத்தைப் பார்த்த பிறகு அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆலையை நிறுத்தி, தளத்தை உடைத்து, தொட்டிகளைத் தரைக்கு மேல் தூக்கி, கீழே தட்டு வைத்து மறுபடி கட்டினார். ஆய்வுக்கூடத்துச் சான்றிதழ் சொல்லாததை ஒரு பக்கக் கணக்கு சொல்லியது. மாதிரி எடுத்த புட்டியில் என்ன இருக்கிறது என்பதுதான் சான்றிதழுக்குத் தெரியும். புட்டிக்கு வராதது எவ்வளவு என்பது எடைக்கணக்குக்கு மட்டுமே தெரியும்.

அடிக்கடி காதில் விழும் இன்னொரு யோசனை, தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வது. "கொஞ்சம் போர் தண்ணி விட்டா லிமிட்டுக்குள்ள வந்துடுமே?" என்பார்கள். பாத் நீர் ஒரு லிட்டரில் 130 கிராம் குரோமியம் இருக்கிறது. அதைத் தண்ணீர் ஊற்றியே 0.1 மில்லிகிராமுக்குக் கொண்டுவர 13 லட்சம் லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் நூறுக்கு மேல் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு லிட்டருக்கு! அப்படி ஊற்றினாலும் 130 கிராம் 130 கிராமாகவே ஆற்றுக்குப் போகும். சதவீதம் குறையும், பாரம் குறையாது. ஏரியின் அடிமண்ணும் மீனின் ஈரலும் பாரத்தைத்தான் எண்ணுகின்றன.

விற்பனையாளர்கள் வருவார்கள். "எங்க பொடியைப் போட்டா ஸ்லட்ஜே வராது சார்" என்பார்கள். சேற்றை அகற்றும் செலவால் தவிக்கும் முதலாளிக்கு இது தேனாக இனிக்கும். நான் கேட்பது ஒன்றுதான், "அப்ப குரோமியம் எங்க போகும்?" தண்ணீரில் இல்லை, சேற்றிலும் இல்லை என்றால் வேறு இடம் கிடையாது. சில பொடிகள் உலோக அணுவைப் பற்றிப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்துக்கொள்ளும். சேறு வராது, தண்ணீர் தெளிவாகவும் தெரியும், குரோமியம் மட்டும் அதற்குள் கலந்து வெளியே நடந்துபோகும்.

எல்லா நஞ்சும் ஒரே வகை இல்லை என்பதும் சமன்பாடு கற்றுக்கொடுத்ததுதான். துத்தநாகப் பூச்சில் சில பட்டறைகள் சயனைடு பாத் வைத்திருந்தன. கொடிய நஞ்சு. ஆனால் அதை உண்மையாகவே அழிக்கலாம். காரத் தன்மையில் வைத்துச் சோடியம் ஹைப்போகுளோரைட்டால் உடைத்தால், இரண்டு சோடியம் சயனைடும் ஐந்து ஹைப்போகுளோரைட்டும் ஒரு தண்ணீரும் சேர்ந்து நைட்ரஜன் வாயுவாகவும் இரண்டு சமையல் சோடாவாகவும் ஐந்து உப்பாகவும் பிரியும். கார்பன் அணு அப்படியே இருக்கிறது, நைட்ரஜன் அணு அப்படியே இருக்கிறது. அவை கைகோத்திருந்த விதத்தில்தான் நஞ்சு இருந்தது. கை விடுபட்டதும் நஞ்சு போயிற்று. குரோமியத்தின் கதை வேறு. அது தனிமம். மூன்று எலக்ட்ரான் கொடுத்துச் சாந்தப்படுத்தலாம், அழிக்க முடியாது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு போன்றவை கிடைத்தால் அந்த மூன்று எலக்ட்ரானையும் இழந்து பழைய உருவத்துக்கே திரும்பவும் கூடும். அதனால்தான் குரோமியச் சேற்றைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைக்கச் சட்டம் விடுவதில்லை. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள்படி அதைத் தொண்ணூறு நாளுக்கு மேல் ஆலையில் வைத்திருக்கக் கூடாது. எவ்வளவு, எங்கிருந்து, எங்கே என்று எழுதிய சீட்டோடு கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற பாதுகாப்பான புதைகளத்துக்கு அனுப்ப வேண்டும்.

அந்த லாரி கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் வழியாகப் போகும்போது ராணிப்பேட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். வலப்பக்கத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊர் சாட்சி. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை அங்கே குரோமைட் தாதுவிலிருந்து குரோமேட் உப்புகளைத் தயாரித்தது. பிளஸ் டூ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அதே வினைதான். நான்கு குரோமைட், எட்டு சோடியம் கார்பனேட், ஏழு ஆக்சிஜன் சேர்ந்து எட்டு சோடியம் குரோமேட், இரண்டு இரும்பு ஆக்சைடு, எட்டு கார்பன் டை ஆக்சைடு. தாளில் அழகாகச் சமன் ஆகும். தாதுவில் வினைபடாமல் தங்கிய குரோமியத்துக்கு அந்தச் சமன்பாட்டில் இடம் இல்லை. ஆலை 1990களில் மூடிவிட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு ஆலை வளாகத்திலேயே மலையாகக் கிடந்தது, மழை பெய்யப் பெய்ய நிலத்தடி நீரில் இறங்கியது. உற்பத்தி நின்ற பிறகும் பல ஆண்டுகள் அந்த வட்டார மக்கள் மஞ்சள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓசூரிலும் நம் கண்ணெதிரே ஒரு பாடம் நுரைக்கிறது. நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறத்துச் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. மதகு திறக்கும்போது வெள்ளை நுரை பாலம் அளவுக்கு எழும்பி, காற்றில் பறந்து வயல்களில் விழும். சோப்பும் சலவைத்தூளும் அதற்குக் காரணம். எங்கள் பக்கத்தில் "எல்லாம் அவங்க விட்டது" என்பார்கள். அந்தப் பேச்சில் உண்மை நிறைய உண்டு. ஆனால் ஜூஜூவாடி சோதனைச் சாவடி வாகனங்களைத்தான் நிறுத்தும், சலவைத்தூளின் பாஸ்பரஸை நிறுத்தாது. நுரை அடங்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று செய்தி அடங்கிவிடுகிறது. நுரை என்பது காற்று. அதை எழுப்பிய பொருள் அணையின் அடிமண்ணுக்கும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் போய்விட்டது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடலூர் கடல் வரை போகும். நாங்கள் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களைக் கேட்பதையே எங்களுக்குக் கீழே உள்ள தருமபுரியும் திருவண்ணாமலையும் எங்களைக் கேட்க உரிமை உண்டு.

ஐந்து வாய்களில் காற்றை நான் தனியாகச் சொல்ல வேண்டும். குரோமியப் பூச்சில் மின்சாரத்தின் பத்து முதல் இருபது சதவீதம்தான் உலோகத்தைப் பூசுகிறது. மிச்சத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜனை எழுப்புகிறது. குமிழி வெடிக்கும்போது குரோமிக் அமிலம் பனிப்புகைபோல் பறக்கும். உறிஞ்சும் குழாய் வேலை செய்யாவிட்டால் அது தொட்டி ஓரத்தில் நிற்பவரின் மூக்குக்குள் போகும். இந்தத் தொழிலில் நெடுநாள் நின்றவர்களுக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுவது மருத்துவம் வெகுகாலமாக அறிந்த நோய். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்யும் பிள்ளைகளின் உடம்பு எடைக்கணக்கில் ஒரு பெட்டியாக இருக்கக் கூடாது. எந்த ஆலையில் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது தொட்டி ஓரத்து உறிஞ்சு குழாயைத்தான்.

சமன்பாட்டை நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று தெளிவாகும். வலப்பக்கத்தில் செய்யும் எந்த வேலையும் முழு வெற்றி ஆகாது. மெட்டாவும் காஸ்டிக்கும் சேர்த்து 1 கிலோ குரோமியத்தைப் பிரித்தால், கணக்குப்படி குறைந்தது 6 கிலோ சோடியம் சல்ஃபேட் தண்ணீரில் சேர்கிறது. அதை ஆவியாக்கி எடுத்தால் உப்பு மூட்டை, எடுக்காவிட்டால் உவர்நீர். காஸ்டிக்குக்குப் பதில் சுண்ணாம்பு போட்டால் விலை குறைவு, ஆனால் ஜிப்சமும் சேர்ந்து சேறு பெருகும். ஒரு கழிவைச் சுத்தம் செய்ய இன்னொரு கழிவை உண்டாக்குகிறோம். அதிலிருந்து தப்ப ஒரே வழி இடப்பக்கத்தைக் குறைப்பது.

இடப்பக்கத்தைக் குறைப்பது பெரிய இயந்திரம் கேட்கும் காரியம் இல்லை. ரேக்கைத் தூக்கியதும் பாத்துக்கு மேலேயே பத்து விநாடி வடிய விட வேண்டும். பொருளைத் தொங்கவிடும் கோணத்தை மாற்றி, குழிவில் திரவம் தேங்காமல் பார்க்க வேண்டும். முதல் கழுவு தொட்டியில் ஓடாத தண்ணீரை வைத்தால் அதில் குரோமியம் சேரும். சூடான பாத் ஆவியாகிக் குறையும்போது அந்தத் தண்ணீரையே ஊற்றி நிரப்பலாம். அடுத்த கழுவு தொட்டிகளில் தண்ணீர் பொருளுக்கு எதிர்த்திசையில் ஓடினால் செலவாகும் தண்ணீரும் குறையும். ஈ.டி.பி.க்கு வராத ஒவ்வொரு கிராமும் மெட்டா கேட்காது, காஸ்டிக் கேட்காது, லாரி கேட்காது. அது முதலாளி காசு கொடுத்து வாங்கிய பொருளும்கூட. இதைவிடப் பெரிய மாற்றம் வெளியிலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த வாகனக் கழிவு நெறிமுறையின்படி 2007 ஜூலை முதல் புதிய வாகனப் பாகங்களின் துருத் தடுப்புப் பூச்சுகளிலும் ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தடை வந்தது. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் வரைபடங்களை மாற்றின. துத்தநாகப் பூச்சின் மேல் போடும் மஞ்சள் குரோமேட் படலம் போய், மூன்று இணைதிறன் குரோமியத்தின் நீலப் படலம் வந்தது. இங்கே எங்கள் கழிவுத் தொட்டியின் நிறமே மாறியது. சுத்திகரிப்பில் நாங்கள் செய்ய முடியாததை வாங்குகிறவர்கள் இடப்பக்கத்தில் ஒரு வரியை மாற்றிச் செய்துவிட்டார்கள்.

மண்ணில் விட்டது மண்ணிலேயே நிற்கும் என்பதற்குச் சாட்சி எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே உண்டு. இங்குள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழக அரசு 2022இல் அறிவித்தது. நாலாயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்த வட்டாரத்து மக்கள் கையாண்ட இரும்பு துருவாக மாறியிருக்கலாம், உருவம் இழந்திருக்கலாம். அணுக்கள் மண்ணை விட்டுப் போகவில்லை. இருந்ததால்தான் இன்று நாம் அவர்களை அறிகிறோம். நாம் மண்ணில் விடும் குரோமியமும் அதைப்போலவே நிற்கும். அவர்கள் விட்டது நமக்குப் பெருமை. நாம் விடப்போவது என்ன என்பது இன்றைய கணக்கில் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆய்வறிக்கையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். மாதம் ஒரு முறை ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் வாங்கியதை எழுதுங்கள். வலப்பக்கம் பொருள், தண்ணீர், சேறு, காற்று, மண் என்று ஐந்து வரி எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒத்துவராத மாதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேதியியல் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். சமன்பாட்டைச் சமன் செய்யக் கற்றுக்கொடுக்கும்போது அந்த எண்கள் எந்த மூட்டையின் எடை, எந்த ஊரின் தண்ணீர் என்று சொல்லிக்கொடுங்கள். ஓசூரில் படிக்கும் பிள்ளைகளில் பலர் நாளை ஏதோ ஒரு தொட்டி ஓரத்தில் நிற்கப்போகிறவர்கள். வால்வைத் திறக்கும் முன் இது எங்கே போகும் என்று அவர்கள் கேட்டால், அந்தப் பாடம் பரீட்சையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.